புவனேஸ்வரனின் கடைவாய்ப் பல்

“கண்ணாடி, சிக்னல், தோளு. அப்பறம்தான் ஸ்டேரிங்கு. பாக்கல, நீங்க பாக்கல! அந்த மோட்டர்ல போறான் பாருங்க, அவனுக்கு வீட்டுல பொண்டாட்டி கோப்பி கலக்கி வெச்சிட்டுக் காத்துக்கிட்டிருக்கா. அவளுக்கு யாரு-லா பதில் சொல்றது?”

புவனேஸ்வரன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது இப்படித்தான். சாலையில் எதிர்ப்படும் ஒவ்வொருவருக்கும் அந்த இடத்திலேயே ஒரு குடும்பத்தை உண்டாக்கிவிடுவார். லோரி ஓட்டுநருக்கு அந்த மாதம்தான் மகளின் நிச்சயதார்த்தம். சைக்கிளில் போகும் சீனப் பெரியவர் பேரனுக்கு ஆவியில் வெந்த பாவ் ரொட்டி வாங்கிக்கொண்டு போகிறார். குறுக்கே ஓடும் நாய்க்குக்கூட எங்கேயோ ஒரு கடைக்குப் பின்னால் குட்டிகள் பசியோடு கிடக்கும். படிக்க வருகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். இரண்டு வாரம் போனால் தம்மை அறியாமலே மெதுவாக ஓட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

வீடு மலேசியாவில், திகாம் பத்துவில். வேலை சுங்கை பட்டாணியில் ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில். ஐம்பத்தெட்டு வயதுக்குத் தொந்தி கொஞ்சம்தான், குரல்தான் அதிகம். அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அவரிடம் லைசென்ஸ் எடுத்தவர்கள். கோயில் குருக்கள், மீன் கடைக்காரர், பள்ளிக்கூடத்து ஆசிரியைகள், மூன்று போலீஸ்காரர்கள். எங்கே போனாலும் யாராவது ஒருவர் அவரைப் பார்த்ததும் அனிச்சையாகப் பின்பக்கக் கண்ணாடியைச் சரிசெய்வார்.

“மெரான்னா மெரா. மஞ்சள்னாலும் மெராதான். பச்சைன்னா, யோசிச்சிட்டுப் போ.” மெரா என்றால் மலாயில் சிவப்பு. இது சாலை விளக்குக்கு அவருடைய சட்டம்.

அடுத்தவர் ஓட்டும் வண்டியில் அவரால் சும்மா உட்கார முடியாது. சம்பளம் கொடுத்தாலும் முடியாது. சும்மா என்றாலும் முடியாது. ஒருமுறை அலோர் ஸ்டாருக்குப் பேருந்தில் போனவர், ஓட்டுநருக்குப் பின்னாலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒவ்வொரு சந்திப்பிலும் “ஸ்லோ, ஸ்லோ” என்று சொல்லிக்கொண்டே வந்தார். குருண் தாண்டியதும் அந்த மலாய்க்கார ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, “பாக்சிக், வந்து நீங்களே ஓட்டுறீங்களா?” என்று கேட்டாராம். புவனேஸ்வரன் பெருமையோடு சொல்லும் கதைகளில் இதுவும் ஒன்று.

இன்னொரு கதை அவர் மனைவி பிரேமலாவைப் பற்றியது. கல்யாணமான புதிதில் அவருக்கும் புவனேஸ்வரன்தான் கற்றுக்கொடுத்தார். சோதனையில் முதல் தடவையே தேறிவிட்டார் பிரேமலா. மறுநாள் பெரிய சாலையில் அவரை ஓட்டச்சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார் கணவர். ரப்பர் பால் எடுக்கும் கித்தாத் தோட்டத்து வளைவில் புவனேஸ்வரன் போட்ட சத்தத்தில் பிரேமலா சிக்னல் போட்டார், ஓரம் கட்டினார், ஹேண்ட்பிரேக்கை இழுத்தார், இன்ஜினை அணைத்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விட்டார்.

“கோவத்துலகூட எல்லாம் முறைப்படி செஞ்சா பாத்தீங்களா!” என்று முடிப்பார் புவனேஸ்வரன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். பிரேமலா மட்டும் அந்த நேரம் பார்த்து அடுப்படிக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் ஓர் ஆசிரியையின் காரில் தொற்றிக்கொண்டு போய் வந்தார். லைசென்ஸைப் புதுப்பிக்க மட்டும் ஒருமுறைகூட மறந்ததில்லை. அது எதற்கு என்று புவனேஸ்வரன் கேட்டதுமில்லை.

பாலிங் ஊரில் இருக்கும் தம் அக்கா காஞ்சனா முட்டியில் அறுவைச் சிகிச்சை நடந்து படுத்திருக்கிறார் என்று தெரிந்த நாளிலிருந்து போய்ப் பார்த்துவரலாமா என்று பிரேமலா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “அடுத்த வாரம் போலாம்-லா. இந்த வாரம் ஜேபிஜே டெஸ்டு இருக்கு,” என்பார் கணவர். எல்லா வாரமும் யாருக்காவது போக்குவரத்துத் துறையின் டெஸ்ட் இருந்தது.

இந்த நிலையில்தான் கடைவாய்ப் பல் தொல்லை கொடுக்க ஆரம்பித்தது.

கீழ்வரிசையில், இடப்பக்கம், கடைசிப் பல். கிராம்பை வைத்து அடக்கிப் பார்த்தார். உப்புத் தண்ணீர், பனடோல் மாத்திரை, ஒருபக்கமாகவே மெல்லுவது என்று சில மாதங்களை ஓட்டினார். ஆனால் ஒரு காலைப் பாடத்தில், மாணவர் ஒருவர் சாலை நடுத்திட்டை நோக்கி நேராகப் போகும்போது, “பிரே—” என்று வாயைத் திறந்தவருக்கு மீதி எழுத்து வரவில்லை. தாடையில் இடி இறங்கியது போலிருந்தது. கார் திட்டில் ஒரு சக்கரத்தை ஏற்றிக்கொண்டு நின்றது. பள்ளிக் காரில் பயிற்றுநர் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை எப்படியோ மிதித்திருந்தார்.

“வாய் வேல செய்யலன்னா நான் என்னத்த சொல்லிக்குடுக்கிறது?” என்று அன்றைக்கே பல் கிளினிக்குக்குப் போனார்.

பல் மருத்துவர் தாரா. முப்பது வயதைத் தாண்டாத பெண். அவரும் புவனேஸ்வரனிடம் கற்றவர்தான். பக்கவாட்டில் நிறுத்தும் சோதனையில் கம்பங்களைச் சாய்த்துச் சாய்த்து அழுதவர். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, பல் படுத்துக் கிடக்கிறது, ஈறைக் கீறி எடுக்க வேண்டும் என்றார். ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். அது பதற்றத்தில் ஏறியிருந்தது. “வெள்ளிக்கெழம வாங்க அங்கிள். பயத்துக்கு முன்னாடியே ஒரு மாத்திர தருவேன், தலை கிறுகிறுக்கும். கூட யாரையாச்சும் கூட்டிட்டு வரணும்.”

“எனக்கா பயம்? நான் உனக்குப் பக்கத்துல உக்காந்து ரிவர்ஸ் எடுக்க வெச்சவன்.”

வெள்ளிக்கிழமை பிரேமலாவைக் கூட்டிக்கொண்டு போனார். கூட ஆள் என்றால் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்று அவர் நினைத்திருந்தார். நாற்காலி சாய்ந்ததும் இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிக்கொண்டார்.

“அங்கிள், தோள எறக்குங்க. ஏன் இப்படிக் கட்ட மாதிரி? ரிலாக்ஸ்னு சொன்னா ரிலாக்ஸ் ஆவணும். ஸ்டேரிங்க கடிச்சா திங்கப் போறீங்க?”

கடைசி வாக்கியம் எங்கேயோ கேட்டது போலிருந்தது புவனேஸ்வரனுக்கு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் தாராவிடம் சொன்னது. மரத்துப்போன உதட்டால் சிரிக்கப் பார்த்தார். எச்சில்தான் வழிந்தது.

பல் துண்டு துண்டாக வெளியே வந்தது. தையல் போட்டு, பஞ்சுத் துணியை மடித்து வைத்து, “கடிங்க. விடாதீங்க. பேசக் கூடாது,” என்றார் மருத்துவர். பிறகு பிரேமலாவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னார். இன்றைக்கு வாய் கொப்பளிக்கக் கூடாது, காறித் துப்பக் கூடாது. சூடாக எதுவும் வேண்டாம். ஐஸ் ஒத்தடம். நாளையிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். புகை கூடாது. ஸ்ட்ரா போட்டு எதையும் உறிஞ்சவே கூடாது. உறிஞ்சினால் குழியில் உறைந்த ரத்தம் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

“அப்பறம் ஆன்ட்டி, அங்கிள் இன்னிக்கு காடி ஓட்டக் கூடாது. ஒங்களுக்கு லைசென்ஸ் இருக்கா?”

“இருக்கு டாக்டர்.”

“ம்ம்! ம்ம்ம்!” என்றார் புவனேஸ்வரன். கையை நீட்டிச் சாவியைக் கேட்டார். சாவி ஏற்கெனவே பிரேமலாவின் பையில் இருந்தது.

“அங்கிள், கடிங்க,” என்றார் மருத்துவர்.

அவர்களுடைய சொந்தக் கார் பழைய சாகா. கையால் கியர் போடும் வண்டி. பள்ளிக் காரில் இருப்பது போல இதில் இரண்டாவது பிரேக் கிடையாது. பிரேமலா இருக்கையை முன்னே இழுத்தார். கண்ணாடிகளைத் திருப்பினார். கிளட்சை விட்டதும் வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. புவனேஸ்வரன் ஆள்காட்டி விரலைத் தூக்கினார்.

“ஒரு தடவ அணைஞ்சா தப்பில்லன்னு ஊருல இருக்கிறவங்களுக்கெல்லாம் சொல்லுவீங்கள்ல? எனக்கும் அதே கணக்குத்தான்,” என்றார் பிரேமலா. இரண்டாவது தடவை கிளப்பியபோது வண்டி அணையவில்லை.

சாலைக்கு வந்தார்கள். புவனேஸ்வரனின் தலை மாத்திரையால் மிதந்தது. கால்கள் மட்டும் விழித்திருந்தன. வலது கால் மிதியடியில் இல்லாத பிரேக்கைத் தேடித் தேடி மிதித்தது. ஒரு லோரி செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு முன்னால் ஆடி ஆடிப் போனது. “ம்ம்ம்!”

“பாத்துட்டேன்.”

இடது ஓரத்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் நுழைந்தது. “ம்ம்! ம்ம்!”

“பாத்துட்டேங்க.”

சந்திப்பில் விளக்கு மஞ்சளானது. அவர் வாயைத் திறப்பதற்குள் வண்டி கோட்டுக்குப் பின்னால் அலுங்காமல் நின்றிருந்தது. “மெராதான். தெரியும்,” என்றார் பிரேமலா.

சத்தம் போட முடியாதவர் கைப்பேசியை எடுத்தார். பரபரவென்று தட்டினார். பிரேமலாவின் பைக்குள் டிங் என்றது. இன்னொரு டிங். மூன்று, நான்கு. பிரேமலா திரும்பவே இல்லை. பொறுக்கமுடியாமல் கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். ‘கியர் மாத்து. தூரம் விடு. வலது பக்கம் வேன்’ என்று எழுதியிருந்தது.

“ஓட்டும்போது போனப் பாக்கக் கூடாது,” என்றார் பிரேமலா. “நீங்க சொல்லிக்குடுத்ததுதான்.”

புவனேஸ்வரன் கைப்பேசியை மடியில் வைத்தார். அப்போதுதான் அது அவர் காதில் விழுந்தது. பாதை மாறுவதற்கு முன் பிரேமலாவின் உதடுகள் மெல்ல அசைந்தன. “கண்ணாடி. சிக்னல். தோளு.” தலை லேசாகத் திரும்பியது. அப்புறம்தான் ஸ்டியரிங் திரும்பியது. ஒவ்வொரு தடவையும் அப்படியே. இத்தனை வருஷமாக அவரிடம் கற்றவர்கள் எல்லோரும் லைசென்ஸ் கையில் வந்த மறுநாளே அந்தத் தோளை மறந்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். பஞ்சை நன்றாகக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

வீட்டில் அவர் நல்ல நோயாளியாக இல்லை. உதடு மரத்திருப்பது தெரியாமல் அதைக் கடித்துக்கொண்டு, இன்னொரு புண்ணை உண்டாக்கினார். பிரேமலா கஞ்சியை ஆறவைத்துக் கொடுத்தார். காரம் இல்லை என்பதால் அதைச் சாப்பாடாகவே அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் காலை கண்ணாடியில் பார்த்தபோது இடது கன்னம் பாவ் போல உப்பியிருந்தது. ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றிக் கன்னத்தில் வைத்துக்கொண்டு வரவேற்பறை நாற்காலியில் சாய்ந்தார்.

பக்கத்து வீட்டு வீரசாமி பார்க்க வந்தார். பணி ஓய்வுபெற்ற தபால்காரர். புவனேஸ்வரனோடு பேசும்போது ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்கக் கொடுத்துவைக்காதவர். நண்பரால் வாய் திறக்க முடியாது என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தம் பித்தப்பை ஆபரேஷனை அனுமதிச்சீட்டு வாங்கியதிலிருந்து தொடங்கினார். அதை முடித்து மருமகனுக்கு வந்தார். மருமகனை முடித்து தாமான் குடியிருப்பின் குப்பை லோரிக்கு வந்தார்.

“நல்லா இருக்குண்ணே, இப்படி ஒக்காந்து பேசி எவ்வளவு நாளாச்சு!” என்றார் எழுந்திருக்கும்போது. பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, “ஆமா, தங்கச்சி காடிய எடுத்துட்டு பாசாருக்கு மீன் வாங்கப் போச்சே, எதிர்ல பாத்தேன். பொம்பளைங்க எல்லாம் அங்க கைய காட்டுறாங்க, இது ஹாரன் அடிக்குது. நல்லாத்தான்-லா ஓட்டுது.”

புவனேஸ்வரன் ஐஸ் துண்டைக் கீழே வைத்தார். பிரேமலா அடுப்படியில் இருக்கிறார் என்றல்லவா நினைத்திருந்தார்!

சிறிது நேரத்தில் வாசலில் சாகாவின் சத்தம் கேட்டது. அவர் எழுந்து போய்ப் பார்க்கவில்லை, காதைத் தீட்டிக்கொண்டார். முதல் கியர். நின்றது. ரிவர்ஸ் விழும் ‘கடக்’. கிளட்ச் பாதியில் நிற்கும் மெல்லிய முனகல். அந்த வாசல் குறுகல். ஒரு பக்கம் கேட், மறுபக்கம் கருவேப்பிலை மரம். அவரே சில நாட்களில் இரண்டு தடவை முன்னே பின்னே போவார். முனகல் நிற்காமல், கூடாமல், குறையாமல் வந்து ஓய்ந்தது. ஒரே இழுப்பு. ஹேண்ட்பிரேக்.

பிரேமலா காய்கறிப் பையோடு உள்ளே வந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தனர்.

“மீனு கெடச்சிச்சா?” என்று புவனேஸ்வரன் வாயின் ஒரு பக்கத்தால் கேட்டார்.

“கெடச்சிச்சு. ஒங்களுக்கு இல்ல. ஒங்களுக்குக் கஞ்சிதான்.”

திங்கட்கிழமை வீக்கம் வடிந்திருந்தது. வலியும் இல்லை. குணமாகிவிட்டது என்று அவரே தீர்ப்பு எழுதிக்கொண்டு, காற்றுவாங்கப் போகிறேன் என்று முச்சந்திக் கடை வரை நடந்தார். வெயில் கொளுத்தியது. கடைக்காரர், அவரும் பழைய மாணவர், கேட்காமலேயே பிளாஸ்டிக் பையில் ஐஸ் போட்ட தேநீரான தே அயிஸ் கட்டிக் கொடுத்தார். சிவப்பு ஸ்ட்ரா. மூன்று நாள் கஞ்சி குடித்த நாக்கு அதைப் பார்த்தது. ஸ்ட்ராவை எடுத்துவிட்டுக் குடிக்கலாம் என்ற எண்ணம் புவனேஸ்வரனுக்கு வந்தது. பையைச் சாய்த்துக் குடித்தால் சட்டையில் கொட்டும் என்ற எண்ணம் அதை முந்திக்கொண்டது. முதல் இழுப்பில் கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவு சுகம்.

செவ்வாய்க்கிழமை அவர் கண்ணைத் திறந்ததே வலியில்தான். தாடையில் தொடங்கி, காதுக்குள் ஏறி, நெற்றிப்பொட்டில் உட்கார்ந்துகொண்டு அடித்தது. மாத்திரை கேட்கவில்லை. மத்தியானம் வரை சொல்லாமல் பார்த்தார். சோற்றுக் கஞ்சியை முன்னால் வைத்தபோது கரண்டியைத் தூக்க முடியாமல் மேசையில் தலையைச் சாய்த்துவிட்டார். அந்தப் பெரிய உடம்பு நடுங்குவதைப் பார்த்தார் பிரேமலா. அடுப்பை அணைத்தார். சட்டையை எடுத்து மாட்டிவிட்டார்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கார் சாவி தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் இருந்தது. புவனேஸ்வரன்தான் முதலில் அதை எட்டி எடுத்தார். ஒரு கணம் கையில் வைத்திருந்தார். பிறகு மனைவியின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, குடையில்லாமலே நடந்துபோய் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

சாலையில் முன்னால் போகும் வண்டியின் விளக்குகள் சிவப்புப் புள்ளிகளாகத்தான் தெரிந்தன. லோரிகள் தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போயின. பிரேமலா வேகத்தைக் குறைத்தார், விளக்குகளைப் போட்டார், முன்வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டார். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். “அடிச்சிக்கட்டும்,” என்றார். “ஒங்களுக்கு ரொம்ப வலிக்குதா? கண்ண மூடிக்குங்க. நான் இருக்கேன்-லா.”

புவனேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டார். யாரோ ஒருவர் ஓட்ட, அவர் கண்ணை மூடிக்கொண்டு போன முதல் சாலை அதுதான்.

மருத்துவர் தாரா வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். குழி காய்ந்து எலும்பு தெரிந்தது.

“அங்கிள், ஸ்ட்ரா போட்டுக் குடிச்சீங்களா?”

புவனேஸ்வரன் மேல்கூரையைப் பார்த்தார்.

“தே அயிஸ்,” என்றார் பிரேமலா. “சட்டப் பையில ஸ்ட்ரா இருந்துச்சு. தொவைக்கும்போது பாத்தேன்.”

“டெஸ்டுல ஃபெயில் அங்கிள். மறுபடியும் முதல்லேருந்து,” என்று சிரித்தபடியே குழியைக் கழுவி, கிராம்பு வாசனை அடிக்கும் மருந்தைத் திணித்தார் மருத்துவர். கொஞ்ச நேரத்தில், காதுக்குள் அடித்துக்கொண்டிருந்த சுத்தியலை யாரோ கீழே வைத்ததுபோல வலி அடங்கியது. புவனேஸ்வரனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ரெண்டு நாள் கழித்து மருந்தை மாற்ற வரவேண்டும் என்றார் மருத்துவர். “நான் கூட்டிட்டு வர்றேன்,” என்றார் பிரேமலா.

திரும்பும்போதும் மழை விடவில்லை. ஊர் எல்லைச் சந்திப்பை நெருங்கியபோது பிரேமலா இடது சிக்னலைப் போட்டார். வீட்டுக்கு நேராகப் போகவேண்டும். இடது பக்கம் பாலிங் என்று பச்சைப் பலகை காட்டியது.

டிக் டிக் என்ற சத்தம் வண்டிக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. புவனேஸ்வரன் பலகையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

“அக்காவப் பாத்துட்டு வந்துரலாம்,” என்றார் பிரேமலா, கண்ணாடியை விட்டுப் பார்வையை எடுக்காமல். “படுத்தே கெடக்கு. நீங்க சீட்டுல சாஞ்சிக்குங்க.”

இப்போது புவனேஸ்வரனால் பேச முடியும். வலியும் இல்லை. அடுத்த வாரம் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும்.

ஆனால் இடது பக்கம் திரும்ப வழி இல்லை. தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து, மழை உடுப்போடு மோட்டார் சைக்கிள்கள் காரின் இடது ஓரத்தில் பின்னாலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. எவரும் நிற்கவில்லை. பின்னால் ஹாரன்கள் கிளம்பின. பிரேமலா பதறாமல், பிரேக்கில் காலை வைத்தபடி காத்திருந்தார்.

புவனேஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கைப்பிடியைச் சுற்றி ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கினார். சாரல் கன்னத்தில் அடித்தது. இடது கையை வெளியே நீட்டி, உள்ளங்கையை விரித்து, வருகிறவர்களுக்கு நேராகப் பிடித்தார். முன்னால் வந்த மோட்டார் சைக்கிள் தயங்கியது, நின்றது. அதன் பின்னால் மற்றவையும் நின்றன. வண்டி மெல்லத் திரும்பத் தொடங்கியது. சட்டை தோள்வரை நனைந்து ஒட்டிக்கொண்டது. பின் சக்கரங்களும் பாலிங் சாலையில் ஏறி முடியும்வரை அவர் கையை உள்ளே எடுக்கவில்லை.